துணியை விட்டுப் போன தண்ணீர்

கஞ்சியக்கா அடுத்தவர் வீட்டு ஜன்னலைச் சுத்தியலால் உடைத்துவிட்டாள் என்பதுதான் காலையில் புறப்பட்ட செய்தி. டீக்கடையைத் தாண்டும்போது சுத்தியல் கடப்பாறை ஆகியிருந்தது. மருந்துக்கடை வாசலில் ஜன்னல் சுவராகிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் சுவர் இடிந்து வீட்டுக்காரர் மேல் விழுந்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தும் ஆயிற்று. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இதே செய்தியை மேலும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் உண்மை. போனது வேறு ஆள்.

வதந்தி அலுத்துப்போய் தெரு வேறொன்றைப் பிடித்துக்கொண்ட பிறகு, அவள் சலவைக்கடைக்கே போய்க் கேட்டபோது கஞ்சியக்கா இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆமா, உடைச்சேன். அதுக்கு முன்னாடி பலகை வச்சு ஆணி அடிக்கச் சொன்னதும் நான்தான். அதை யாராச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. ஒரு ஜன்னல் மூடப்படுவதில் தெருவுக்கு என்ன சுவாரஸ்யம் இருக்கிறது?

துணிக்குக் கஞ்சி போடுவதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பாதிதான் சரி. அவள் எதிரில் நின்றால் துணி மட்டுமல்ல, ஆளும் விறைத்துப்போவான். காலரில் கறுப்புப் பட்டையோடு சட்டை கொண்டுவந்த ஒரு பள்ளி ஆசிரியரை, "முதல்ல கழுத்தைத் துவைச்சிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். கணவர் என்று ஒருவர் இருந்தார். வெளியூருக்கு வேலை தேடப் போனவர் அங்கேயே வேறு வீடும் தேடிக்கொண்டார். "போகும்போது நாலு சட்டை இஸ்திரி போட்டுக் குடுத்தேன். கசங்காமப் போய்ச் சேர்ந்திருப்பாரு" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராது.

கடையில் இரண்டு மெஷின்கள். ஒன்று பிழியும்போது நடக்க ஆரம்பித்துவிடும் என்பதால் அதன் காலடியில் ஒரு செங்கல். நீளமான இஸ்திரி மேசை. அதற்கு மேலே, வெளுத்து மடித்த விரிப்புகள் அடுக்கிய அலமாரி. அந்த அலமாரிதான் அவள் கௌரவம். ரயில் நிலையத்தருகே இருக்கும் ஒரு லாட்ஜின் வெள்ளை விரிப்புகள் முழுக்க அவளிடம்தான் வரும். வெள்ளைத் துணியைப் பொறுத்தவரை அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி: தூசி. ஈரத்துணி மேல் தூசி உட்கார்ந்தால் அது கறை, கறை என்றால் மறுபடி துவைக்க வேண்டும் என்பாள். தூசியைப் பார்த்துப் பார்த்து, வேறொன்றைப் பார்க்காமல் விட்டாள்.

கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒரு குடும்பம் குடியிருந்தது. நீளமாக ஒரே அறை, மூலையில் சமையல் மேடை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் இந்த அறையின் சுவருக்குள் இறங்கிப் போகும்; எங்கேயோ கசியவும் செய்யும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்பார். இதனாலேயே தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். ஒரு தடவை ஆள் அனுப்பவும் செய்தார். வந்த ஆள் குழாயைத் தொடவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனான்.

அப்பா லாரி ஓட்டுநர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். அம்மாவைக் கஞ்சியக்கா பின்வீட்டுக்காரி என்றுதான் சொல்வாள். பெரியவன் பள்ளிக்கூடம் போகிறவன். சின்னவள் இன்னும் போகவில்லை.

பின்வீட்டுக்காரி முதல் தடவை கடைக்கு வந்தது ஒரு போர்வையோடு. கஞ்சியக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா இது, போர்வையா, மீன் வலையா?"

"மழைல இப்படி ஆயிடுச்சுக்கா."

"மழை வெளிய பெய்யுதா, உன் வீட்டுக்குள்ள பெய்யுதா?"

"ரெண்டு இடத்துலயும்தான்."

பதில் பிடித்துப்போய்க் கஞ்சியக்கா சிரித்துவிட்டாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. சின்னவளுடையது. அந்த இருமலுக்கு அவளைவிட வயது அதிகம் இருக்கும் போலிருந்தது. இருமி முடித்துவிட்டு, அலமாரியையும் ஆளையும் ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் கஞ்சியா?" என்று கேட்டாள்.

"பெரியம்மான்னு கூப்பிடு" என்றாள் அம்மா, கூசிப்போய்.

அன்றிலிருந்து கஞ்சிப் பெரியம்மா.

சின்னவளுக்குக் கடையில் ஒரு இடம் அமைந்தது. இஸ்திரி போட்ட சூட்டோடு விரிப்புகளைப் போட்டு வைக்கும் பெரிய கூடை. அதற்குள் இறங்கி உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும். "துவைச்சதை அழுக்காக்காதடி" என்று கஞ்சியக்கா அதட்டுவாள். அதட்டிவிட்டு, சூடான இன்னொரு விரிப்பை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போடுவாள். லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு இது தெரியாது.

பிள்ளைகள் இருவரும் மாறி மாறி இருமியதில் பின்வீட்டுக்காரியின் வேலை போனது. பொட்டலம் கட்டும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். 'உன் பிள்ளைக்கு உடம்பு சரியான பிறகு வா' என்று நல்லபடியாகத்தான் சொன்னார்களாம். சம்பளம் இல்லை, டாக்டரும் மருந்தும் மட்டும் உண்டு.

கஞ்சியக்கா சும்மா உச்சுக்கொட்டும் ஜாதி இல்லை. காரியத்தில் இறங்குகிறவள். அந்த வருஷம் மழை விடவே இல்லை. மொட்டை மாடியில் போட்ட விரிப்புகள், போட்டதைவிட அதிக ஈரத்தோடு திரும்பின. லாட்ஜ் மேனேஜரோ விடிந்ததும் உலர்ந்த விரிப்பு வேண்டும் என்று நின்றார். ஒரு பக்கம் காயாத துணி. இன்னொரு பக்கம், வீட்டைவிட்டு நகர முடியாத ஒரு தாய். அவளிடம் ஒரு நீளமான அறை. கஞ்சியக்கா இரண்டையும் முடிச்சுப் போட்டாள்.

அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறுகள் கட்டப்பட்டன. ஒரு பழைய மின்விசிறி வந்தது. மெஷினில் பிழிந்த விரிப்புகள் கூடை கூடையாகச் சந்துக்குள் போயின. காய வைத்து, மடித்துக் கொடுத்தால் கூலி. பிள்ளைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பின்வீட்டுக்காரி கண்கலங்கி நின்றாள்.

"அழுகையை நிறுத்து, விரிப்புல சொட்டப் போகுது" என்ற கஞ்சியக்கா, ஜன்னலைப் பார்த்தாள். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "இது ஒண்ணு இருக்கே! வெள்ளைத் துணில புகையும் சேறும் அடிச்சா லாட்ஜ்காரன் என் தலையில கட்டிட்டுப் போயிடுவான். இதை மூடணும்."

"காத்து வராதேக்கா?"

"விசிறி இருக்கே, அது போடறது காத்து இல்லாம என்ன? குளிரும் அடங்கும். பிள்ளைங்களுக்கும் நல்லது."

தச்சர் வந்து பலகை வைத்து ஆணி அடித்தார். கூடவே நின்று நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது கஞ்சியக்காதான்.

தெரு மெச்சியது. மருந்துக்கடைக்காரர், "உங்க மனசு யாருக்கு வரும்!" என்றார். "சும்மா இருங்க. எனக்கும் துணி காயுது, அவளுக்கும் அடுப்பு எரியுது" என்றாள். ஆனாலும் அன்று அவர் சட்டைக்கு மடிப்பு கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

விரிப்புகள் நன்றாகக் காய்ந்தன. பிள்ளைகளின் இருமல்தான் காயவில்லை. பெரியவனுக்கு மார்பில் விசில் அடித்தது. சின்னவள் படியேறினால் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் மருந்தை மாற்றினார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"வீட்ல ஈரம் ஏதாவது உண்டாம்மா?"

"இல்லீங்க டாக்டர்" என்றாள் பின்வீட்டுக்காரி.

அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. உண்டு என்றால் துணியை நிறுத்தச் சொல்வார். துணி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால், அவர் அப்போதுதான் எழுதி முடித்திருந்த மருந்து நிற்கும். இவ்வளவையும் யோசிக்க அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆனது. கஞ்சியக்காவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. கஞ்சியக்கா தன் பங்குக்குக் கதவு இடுக்கில் திணிக்கத் துணிச்சுருள் தைத்துக் கொடுத்தாள், குளிர் நுழையாமல் இருக்க.

அப்புறம் ஒரு காலையில் லாட்ஜ் மேனேஜர் ஒரு கட்டு விரிப்பைத் திருப்பி அனுப்பினார். கூடவே அவர் சொன்னதாக வண்டிக்காரன் சொன்னது: "படுக்கிற விரிப்புல மிளகுத்தூள் எதுக்குத் தூவறீங்கன்னு கேட்டாரு."

கஞ்சியக்கா விரித்துப் பார்த்தாள். மடிப்பின் ஓரமெல்லாம் நுணுக்கமான கரும்புள்ளிகள். ரத்தம் தலைக்கேறியது. விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். வேலை சீராக ஓடியதால் அவள் அந்த அறைக்குள் கால் வைத்து வெகுநாளாகியிருந்தது.

"தரையில போட்டியா? கேக்கறேன்ல, ஈரத்துணியைத் தரையில போட்டியா?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்ப இது வானத்துலேருந்து விழுந்துச்சா?"

உள்ளே விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஒன்றை விலக்கினால் இன்னொன்று முகத்தில் ஒட்டியது. காற்று கனமாக, துவைக்காத சாக்கு மாதிரி இருந்தது. கடைசி விரிப்புக்கு அந்தப் பக்கம், சுவரோரக் கட்டிலில் சின்னவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து படுக்க முடியவில்லை என்றாள் அம்மா. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் ஏறி இறங்கியது.

கஞ்சியக்கா கோபத்தை மறந்து கட்டிலை இழுத்தாள். சின்னவளை நன்றாகச் சாய்த்து உட்கார வைக்கத்தான். கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவர் வெளியே தெரிந்தது. கட்டிலின் உயரத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கறுப்பாக, மெத்தென்று, மயிர் முளைத்த மாதிரி பூஞ்சை.

"அது பூனை, பெரியம்மா" என்றாள் சின்னவள், ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி. "நான் தூங்கறப்போ... முதுகுல உரசும். அண்ணாதான்... பேர் வச்சான்."

கஞ்சியக்கா சுவரைப் பார்த்தாள். தலைக்கு மேல் தொங்கிய விரிப்புகளைப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள். நன்றாகக் காய்ந்திருந்தது. ஈரமாகத்தான் அனுப்பினாள்; காய்ந்து திரும்பியது; தினமும், கூடை கூடையாக. துணியிலிருந்து தண்ணீரை வெளியேற்றியே வாழ்ந்தவள், வெளியேறிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மொட்டை மாடியில் அதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அது வானத்துக்குப் போனது. இங்கே போக இடமில்லாமல், சுவருக்குள்ளும், பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் போயிருந்தது.

தச்சர் கடையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது அப்போதுதான். பலகை லேசில் வரவில்லை, நல்ல தச்சர். பலகையோடு கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து பெயர்ந்து வெளியே விழுந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் வீட்டுக்காரர் 'நாளைக்கு'.

"ஐயோ என் ஜன்னல்! உடைச்சது யாரு?"

"நான்தான். நாளைக்கு ஆள் அனுப்பி மாட்டுங்க."

அதற்கு மேல் நின்று சண்டை போட அவளுக்கு நேரமில்லை. லாட்ஜுக்குத் துணி ஏற்றும் வண்டியில் சின்னவளைத் தூக்கி அம்மா மடியில் உட்கார வைத்து, மிளகு தூவிய அந்த விரிப்பையே முதுகுக்கு அணையாக வைக்கப் போனவள், சட்டென்று அதைத் தெருவில் வீசினாள். பெரியவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகச் சலவைக்கடைக்குக் கூட்டிவந்து மாடியில் படுக்க வைக்கும்படி டீக்கடைக்காரரிடம் கத்திச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மூச்சுக் கொடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். இளைஞர்தான், தூக்கமில்லாத கண்கள். அதே கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல ஈரம், பூஞ்சை ஏதாவது? உள்ளேயே துணி காயப் போடுவீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் பின்வீட்டுக்காரி. பழகிப்போன வாய்.

"ஆமா டாக்டர்" என்றாள் கஞ்சியக்கா. "என் துணி. நான்தான் காயப் போடச் சொன்னேன். ஜன்னலையும் நான்தான் மூடினேன்."

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், எதிரே நின்ற முகங்களைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மீதி வாக்கியத்தை இரண்டு பெண்களும் தனித்தனியாக இன்றுவரை முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னவள் வீடு திரும்பவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், அம்மா கீழே போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது கஞ்சிப் பெரியம்மாதான். ஒரு பெரிய மூச்சு வந்தது என்றும், அடுத்ததற்காகக் காத்திருந்ததாகவும் அவள் சொன்னாள்.

லாரிக்காரர் வந்து சேர்ந்தபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது. வந்தவர் கஞ்சியக்காவைத் தேடிக் கடைக்கு வந்தார். படியில் நின்றபடியே கைகூப்பினார்.

"அக்கா, நான் இல்லாத நேரத்துல என் குடும்பத்துக்கு நீங்க செஞ்சதை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்."

கஞ்சியக்கா வாயைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் பின்வீட்டுக்காரி நின்றிருந்தாள். தலையை அசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை, சும்மா பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்தத் தெருவில் யாரும் அதுவரை கண்டிராத காட்சி அது.

பெரியவன் சலவைக்கடை மாடியிலேயே இருந்தான். விசில் மெல்லக் குறைந்தது. கஞ்சியக்கா தெருவையே வேலை வாங்கினாள். மெத்தை, தலையணை எல்லாவற்றையும் தூக்கி எறிய வைத்தாள். மிச்சத் துணிகளைத் தானே கொதிக்க வைத்துத் துவைத்தாள். வெயிலும் காற்றும் வரும் வீடு தேடி நாயாய் அலைந்து, மூன்றாவது மாடியில் ஒன்றைப் பிடித்தாள். ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். பெண்பிள்ளை உண்டா என்று புது வீட்டுக்காரர் கேட்டபோது மட்டும், பின்வீட்டுக்காரி பதில் சொல்லும் முன் கஞ்சியக்கா படியிறங்கிவிட்டாள்.

வீட்டுக்காரர் 'நாளைக்கு', பழைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் 'புதுசு மாதிரி இருக்கு' என்று வாடகைக்கு விடப் பார்த்தார். பார்க்க வந்தவர்களைச் சந்து முனையிலேயே கஞ்சியக்கா மறித்தாள். குழாய் கசிவதைச் சொன்னாள், பூஞ்சையைச் சொன்னாள், ஜன்னலை மூடியதைச் சொன்னாள், தன் விரிப்புகளையும் விடாமல் சொன்னாள். சுத்தியல், கடப்பாறைக் கதையை 'நாளைக்கு' மறுபடியும் ஊரெல்லாம் பரப்பியதன் காரணம் இதுதான். முகம் தெரியாதவர்களிடம் ஒன்றுவிடாமல் சொல்ல அவளுக்கு முடிந்தது. சொல்ல வேண்டிய ஒருவரிடம் மட்டும் முடியவில்லை.

அதற்கும் ஒரு நாள் துணிந்தாள். லாரிக்காரர் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்து, மூன்று மாடி ஏறிப் போனாள். படியில் பெரியவன் அவளைத் தாண்டி ஓடினான். மேலே போய்த் திரும்பிப் பார்த்து, "மெதுவா வா பெரியம்மா, உனக்குத்தான் இப்ப மூச்சு வாங்குது" என்று சிரித்தான்.

லாரிக்காரரே டீ போட்டுக் கொண்டுவந்தார். "இந்த வீடு நீங்க குடுத்ததுக்கா" என்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்கள் திறந்தே இருந்தன.

"தம்பி, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"அக்கா" என்றாள் பின்வீட்டுக்காரி, சமையலறை வாசலிலிருந்து. "மழை வலுக்குது. கிளம்பறதுன்னா இப்பவே கிளம்புங்க."

கஞ்சியக்கா எழுந்தாள். பின்வீட்டுக்காரி உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டுவந்தாள். மஞ்சளில் வாத்துப் படம் போட்ட சின்னக் குடை. லாரிக்காரர் அதைப் பார்த்ததும் டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படி வரை கூட வந்தாள் பின்வீட்டுக்காரி.

"நீங்க சொன்னா நானும் சொல்லணும்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே, டாக்டர் முதல்ல கேட்டப்ப நான் இல்லன்னேன். உங்களுக்கு அது தெரியாது."

கஞ்சியக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் ரோட்டுல போறவரு. ராத்திரி பகலா வண்டி ஓட்டறாரு. இதையும் தலையில ஏத்திக்கிட்டுப் போக வேண்டாம். இப்ப வேண்டாம்."

"அப்ப எப்போ?"

"தெரியலக்கா." குடையை நீட்டினாள். "இதைப் பத்திரமா வச்சிருந்து குடுத்துடுங்க. அவளோடதுல இது ஒண்ணுதான் மிச்சம்."

"எப்போ கொண்டு வரட்டும்?"

"நான் சொல்லி அனுப்பறேன்."

கனத்த உடம்போடு ஒரு பெண், வாத்துக் குடையின் கீழ் தலை மட்டும் நனையாமல், இரண்டு தோளிலும் தண்ணீர் வழிய நடந்து வந்ததைப் பார்த்துத் தெரு சிரித்தது. டீக்கடைக்காரர், "என்னக்கா, குடைக்கு நீங்க குடையா?" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் வேறில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

மழைக்காலம் முடிந்துவிட்டது. குடை, அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. யாராவது எடுக்கப் போனால், "அது குடுக்க வேண்டியது, தொடாதீங்க" என்கிறாள். பின்வீட்டுக்காரி இன்னும் சொல்லி அனுப்பவில்லை.